கை ஓயற வரைக்கும்

உக்காருங்க தம்பி. அந்தச் சேர்ல துணி கெடக்கும், எடுத்துக் கட்டில் மேல போட்டுட்டு உக்காருங்க. உங்களுக்கு முன்னால ஒரு அம்மிணி வந்துட்டு இருந்துச்சுங்க, உங்க ஆஸ்பத்திரில இருந்துதான். நான்தான் இனி வர வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன். அதுமேல எனக்கு ஒண்ணும் கோவமில்லீங்க. நல்ல புள்ள. ஆனா அது சொல்லிக் குடுத்ததெல்லாம் பாலர் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கற மாதிரி. குதிகால லேசா நகட்டுங்க, வயித்த உள்ள இழுங்க, இழுத்து வெச்சுட்டு மெதுவா மூச்சு விடுங்க, நோவு வர்றதுக்கு முன்னாலயே நிறுத்திக்குங்க. நோவே வராம என்னங்க பயிற்சி? அதுக்கு நான் சும்மாவே படுத்திருப்பேனே. சும்மாதான் படுத்திருக்கேன், அது வேற.

சுலோச்சனா மாடில துணி காயப் போடறா. அவ வந்துதான் என்னைய எழுப்பி உக்கார வெக்கோணும். அதுவரைக்கும் நீங்க என்னைய ஒண்ணும் பண்ண முடியாது. பைய இறக்கி வெச்சுட்டு உக்காருங்க. ஆபரேசன் முடிஞ்சு இத்தன மாசமாச்சு, இன்னேரம் நடந்திருக்கோணுமே, ஏன் படுத்துட்டே இருக்கீங்கன்னுதான கேக்க வந்தீங்க? சொல்றேன். மொதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும்.

என்ற பேரு சென்னியப்பன். அது உங்க தாள்லயே இருக்கும். நான் ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டருங்க. கடைசில மேஸ்திரியா இருந்து ரிட்டயர்டு ஆனேன். எங்க ஷிப்டுல மிசின் நின்னா நான் உக்கார மாட்டேன், எனக்குக் கீழ வேலை செய்யறவனையும் உக்கார விட மாட்டேன். அப்படியே பழகிப் போச்சு. உக்காந்து ஒரு வேலை பண்றவனக் கண்டாலே எனக்கு ஆகாது.

ரிட்டயர்டு ஆன அடுத்த வருசம் சுலோச்சனா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. நான் முன் ரூம்ல பேப்பர் படிச்சுட்டு இருக்கேன். தண்ணி மொள்ற மக்கு உருள்ற சத்தம்தான் கேட்டுச்சு. ஆளு சத்தமே இல்லீங்க. கதவத் தள்ளிட்டுப் போய்ப் பாத்தா ஈரத் தரைல உக்காந்து, ஒரு கைய இன்னொரு கைல வாங்கி வெச்சுட்டு, அதையே பாத்துட்டு இருக்கா. மணிக்கட்டு திரும்பிக் கெடக்குது. அழுகக் கூட இல்ல. கல்யாணமாகி முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, அன்னைக்கு மாதிரி நான் பயந்ததே இல்லீங்க.

டாக்டரு எலும்புக்கு என்னமோ ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, எலும்பெல்லாம் பொரியாட்டம் ஆயிட்டு வருதுன்னு சொன்னாரு. எனக்கோ சக்கரை. ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, நடந்தா மட்டும் பத்தாது, ரெண்டு பேரும் வெயிட்டுத் தூக்கிப் பழகுங்க, எலும்புக்கும் நல்லது சக்கரைக்கும் நல்லதுன்னாரு. வர்றப்ப பஸ்சுல அவ கட்டுப் போட்ட கைய என்ற மடில வெச்சுட்டு வந்தா. நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன். இவள இரும்பாக்கிப்புடோணும். இனி இவ விழுகவே கூடாது.

கட்டுப் பிரிச்ச கொஞ்ச நாள்லயே எங்க வீதி முனைல இருக்கற ஜிம்முல ரெண்டு பேரும் சேந்தோம். கோச்சு பேரு வின்சென்ட்டு. சேந்த அன்னைக்கு ரெண்டு பேரையும் காலால ஒரு பலகையத் தள்ற மிசின்ல உக்கார வெச்சு, எவ்வளவு தள்ள முடியுதுன்னு பாத்துக்கிட்டான். அதுக்கு முன்னால நாங்க ரெண்டு பேரும் வெயிட்டுன்னு ஒண்ணத் தூக்குனதே இல்லீங்க. அவ அரிசி மூட்டை, தண்ணிக் குடம். நான் ஸ்பேனர். அவ்வளவுதான்.

வின்சென்ட்டு லேசாத்தான் ஆரம்பிக்கச் சொன்னான். நான் கேக்கல. ஒரு வேலைய எடுத்தா முடிக்கோணுமில்லீங்களா? கை ஓயற வரைக்கும் தூக்கோணும். இனி ஒரு அங்குலம் கூட மேல வராதுங்கற வரைக்கும் தூக்குனாத்தான் தூக்குனதா அர்த்தம். பக்கத்துல தூக்கற பசங்க அப்படித்தான் தூக்கறாங்க, கத்திட்டே தூக்கறாங்க. நானும் அப்படியே செஞ்சேன். அவளையும் அப்படியே செய்ய வெச்சேன். அவ டம்பிள்ஸக் கீழ வெக்கப் போனா, இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு பக்கத்துலயே நின்னு சொல்லுவேன். மாமா, முடியலீங்கன்னுவா. முடியலேங்கறது மனசு, கை இல்ல, தூக்குன்னுவேன். எல்லாம் அவ நல்லதுக்குத்தான். வேற யாரு அவளுக்குச் சொல்லுவாங்க?

ஒரு மாசம் வந்தாளோ என்னமோ. ஒரு நாளு கண்ணாடி முன்னால நின்னு தூக்கிட்டு இருந்தவ, அப்படியே அழுக ஆரம்பிச்சுட்டா. அத்தன பேரு பாக்கறாங்க. எனக்கு மானம் போச்சு. ஊட்டுக்கு வந்து, நான் இனி வரலீங்க, காலைல எந்திரிக்கும்போதே அந்த எடத்த நெனச்சாப் போகவே புடிக்கலீங்கன்னா. எனக்கும் புடிக்கலதாங்க. பல்லு வெளக்கும்போதே இன்னைக்கும் போகோணுமான்னு இருக்கும். புடிச்சுப் போயா போறோம்? மருந்து புடிச்சா குடிக்கறோம்?

அப்பறம் அவ ஷாஹிதா கிளாசுக்குப் போக ஆரம்பிச்சா. பக்கத்து வீதில கல்யாண மண்டபத்துக்குப் பின்னால ஒரு ஹாலு இருக்குது. ஷாஹிதான்னு ஒரு அம்மா, அதுவும் உங்களாட்டம் பிசியோ படிச்சதுதான், நாப்பது வயசுக்கு மேல இருக்கற பொம்பளைகளுக்குன்னு அங்க நடத்துது. நான் ஒரு நாளு சன்னல் வழியாப் பாத்தேன். சேலை கட்டுனது, சுடிதார் போட்டது, தலைல துணி போட்டது, எல்லாம் வட்டமா நிக்குது. கைல ரப்பர் பட்டை. தண்ணி ரொப்புன பாட்டிலு. நாற்காலில உக்காந்து எந்திரிக்குது. ஒருத்தி எந்திரிக்கும்போது இன்னொருத்தி மருமகளப் பத்திப் பேசறா. எல்லாம் சிரிக்குது. ஷாஹிதா அம்மா என்ன சொல்லுதுன்னா, இன்னும் ரெண்டு மூணு தூக்கலாம்னு தோணும்போதே நிறுத்திக்குங்க, இன்னைக்கு எது முடியுதோ அதுன்னு சொல்லுது. தம்பி, மில்லுல நான் அப்படிச் சொல்லியிருந்தா மில்லு என்னத்துக்காகும்?

வந்து கேட்டேன். இது என்ன புள்ள, விளையாட்டான்னு. சுலோச்சனா சொன்னா, விளையாட்டுத்தாங்க, நல்லாருக்குதுன்னா.

சரி, ஏதோ பண்ணட்டும்னு உட்டுட்டேன். நான் என்ற வழிக்கு ஜிம்முக்குப் போனேன், அவ அவ வழிக்குப் போனா. என்ற கைல நரம்பெல்லாம் எந்திரிச்சுது. தோளு அகலமாச்சு. பழைய சட்டை பத்தல. சக்கரையும் எறங்குச்சு, அத மறைக்கக் கூடாது. ஆனா ஒரு சங்கதி. படுத்தா தூக்கம் வராது. முட்டி நோவும், தோளு நோவும். சாப்புட உக்காந்தா எதுக்கெடுத்தாலும் கோவம் வரும். ஒரு நாளு ரசத்துல உப்பு இல்லேன்னு தட்டத் தள்ளி உட்டேன். அது கோவமில்லீங்க, ஒடம்பு அலுப்பு.

அவளுக்கு அந்த அலுப்பே இல்ல. கிளாசுக்குப் போயிட்டு வந்தா சமையக்கட்டுல ஏதோ ஒண்ண முனகிட்டே வேலை செய்வா. பாட்டுன்னு சொல்ல முடியாது, வார்த்தையே இருக்காது. கல்யாணமான புதுசுல அப்படிச் செய்வா. நடுவுல எத்தனயோ வருசம் இல்ல. நான் முட்டில தைலம் தேச்சுட்டு உக்காந்திருப்பேன். உள்ள இருந்து அந்தச் சத்தம் வரும். எதுக்குன்னு தெரியலீங்க தம்பி, அந்தச் சத்தம் கேட்டா எனக்கு எரிச்சலா வரும். கொஞ்சம் நிறுத்துன்னு ரெண்டு தடவ சொல்லியிருக்கேன்.

கேஸ் சிலிண்டர் போடற பையன் ஒரு நாளு வாசல்லயே வெச்சுட்டுப் போயிட்டான். நான் எந்திரிக்கறதுக்குள்ள அவளே உள்ள கொண்டு போயிட்டா. கைய ஒடச்சுட்டு உக்காந்தவ. கொண்டு போய் வெச்சுட்டுத் திரும்பி என்னையப் பாத்துச் சிரிக்கறா. நான் என்ன சொன்னேன்னா, இடுப்பு புடிச்சுக்கும், பேசாம இருன்னேன். சிரிப்பு போயிருச்சு. நான் அவ நல்லதுக்குத்தான் சொன்னேன்.

அப்பறந்தான் அந்தச் சனிக்கெழம. ஷாஹிதா அம்மா அவிய கிளாசு பொம்பளைகளையெல்லாம் ஜிம்முக்குக் கூட்டிட்டு வந்துச்சு. அவிய பலம் ஏறியிருக்குதான்னு மிசின்ல பாக்கறதுக்கு. வின்சென்ட்டு மொதல்லயே பாத்து வெச்சது சுலோச்சனாவோடதும் என்னோடதும்தான். அதனால எங்க ரெண்டு பேரையும் மறுபடி அந்தப் பலகையத் தள்ளச் சொன்னான். நான் மொதல்ல தள்ளினேன். கண்ணுல பூச்சி பறக்கற வரைக்கும் தள்ளினேன். அவ அப்பறம் உக்காந்தா. பேசிட்டே தள்ளறா.

நான் அவள விட ஜாஸ்தி தள்ளினேன், அதுல சந்தேகமே வேண்டாம். ஆம்பள இல்லீங்களா. ஆனா வின்சென்ட்டு கணக்குப் போட்டுட்டு, அண்ணா, ஆரம்பத்துல இருந்ததுக்கு அக்காவுக்கு எவ்வளவு ஏறியிருக்குதோ அதே அளவுதான் உங்களுக்கும் ஏறியிருக்குதுன்னு சொன்னான். எல்லார் முன்னாலயும். பொம்பளைக கைதட்டுது. நான் அவனத் தனியாக் கூப்புட்டுக் கேட்டேன். அதெப்படிடா, நான் செத்துச் செத்துத் தூக்கியிருக்கேன், அவ நாற்காலில உக்காந்து எந்திரிச்சிருக்கா. அதுக்கு அவன், அண்ணா, புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு எப்படித் தூக்குனாலும் பலம் ஏறும், விடாம வந்தாப் போதும், ஒவ்வொரு தடவையும் கை ஓயற வரைக்கும் போகோணும்னு இல்ல, நான் அன்னைக்கே சொன்னேன்லன்னான். சொன்னானாமா. எனக்கு ஞாபகம் இல்ல.

நீங்களும் தலைய ஆட்டறீங்க. நீங்கெல்லாம் ஒரே படிப்பு படிச்சவங்க.

ஊட்டுக்கு வந்தும் அவ ஒண்ணும் பெருமை பேசலீங்க. நெசமாச் சொல்றேன், ஒரு வார்த்தை பேசல. மாமா, நீங்களும் ஷாஹிதா சொல்ற மாதிரி செஞ்சு பாருங்களேன், தூக்கமாச்சும் வரும்னு மட்டும் சொன்னா. அது போதாதுங்களா ஒரு மனுசனுக்கு? அப்ப இத்தன நாளு நான் பட்டதெல்லாம் என்ன? வெட்டிப் பாடா?

திங்கக்கெழம ஜிம்முக்குப் போனேன். வின்சென்ட்டு இன்னும் வரல. தரைல இருந்து கம்பியத் தூக்கறது இருக்குதில்லீங்களா, அதுல நானே இரும்பு வட்டு வட்டா ஏத்துனேன். எவ்வளவுன்னு பாக்கல. குனிஞ்சு புடிச்சேன். மொதல்ல வரல. இன்னொரு தடவ இழுத்தேன். முதுகுல ஒரு சத்தங்க, நூலு அறுந்த மாதிரி இல்ல, மிசின் பெல்ட்டு அறுந்த மாதிரி. அப்படியே உக்காந்துட்டேன். இடது காலு என்னோடதாட்டவே இல்ல.

தகவல் தெரிஞ்சு சுலோச்சனாதான் ஓடியாந்தா. அங்கிருந்தவனெல்லாம் தொடப் பயந்துட்டு நிக்கறான். ஷாஹிதா அம்மாளுக்குப் போன் அடிச்சு, எப்படித் தூக்கறதுன்னு கேட்டு, ரெண்டு பேரப் புடிக்க வெச்சு, ஒரு பலகைல என்னையப் படுக்க வெச்சு ஆம்புலன்சுல ஏத்துனா. முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற வட்டு பிதுங்கி நரம்ப நசுக்கிருச்சாமா. ஆபரேசன் பண்ணாங்க. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஊட்டுக்கு வந்தப்பறம் அந்தப் பொம்பளைக ஆறேழு பேரு பாக்க வந்துச்சு. ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், எல்லாம் வாங்கிட்டு. எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு எல்லாம் சமையக்கட்டுக்குப் போயிருச்சு. அங்க போய்ச் சிரிப்பு. ஒரு மனுசன் படுத்த படுக்கையா இருக்கான், இங்க என்ன சிரிப்புங்க? நான் சுலோச்சனாவக் கூப்புட்டுத் தண்ணி கேட்டேன். அப்பறம் தலகாணி. அப்பறம் ஃபேன். அவியளே புரிஞ்சுட்டுக் கெளம்பிட்டாங்க.

கொஞ்ச நாளு கழிச்சு, கிளாசுக்குப் போயிட்டு ஒரு மணி நேரத்துல வந்துடறேங்க மாமான்னு கேட்டா. போயிட்டு வா, உன்னைய யாரு புடிச்சு வெச்சான்னேன். போனா. மூணாவது நாளோ நாலாவது நாளோ, அவ போயிருந்தப்ப எனக்கு ஒண்ணுக்கு முட்டிக்கிச்சு. பாட்டிலு கைக்கு எட்டற எடத்துலதான் வெச்சிருந்தா. நான் எடுக்கல. கூப்புட்டுப் பாத்தேன். ஊட்டுல யாருமில்லேன்னு தெரியும், இருந்தாலும் கூப்புட்டேன். மறுபடியும் கூப்புட்டேன். அப்பறம் என்ன, படுக்கையெல்லாம் நனஞ்சு போச்சு. அவ வந்து கதவத் தொறந்தப்ப உள்ள வரும்போதே முனகிட்டு வந்தா. வாசப்படில நின்னுட்டா.

நான் ஒரு வார்த்தை திட்டலீங்க. போகாதேன்னு இந்த வாயில சொல்லவே இல்ல. மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிட்டுப் படுத்தேன், அவ்வளவுதான். அவளே எல்லாம் மாத்துனா, தொடச்சா, தொவச்சா. அடுத்த நாள்ல இருந்து கிளாசுக்குப் போகல. அவளா நிறுத்திக்கிட்டா. ஷாஹிதா அம்மா ரெண்டு தடவ வந்து கூப்புட்டுது. அவ ஊட்டுல இருக்கும்போதே இல்லேன்னு சொல்லச் சொன்னா, நானும் சொன்னேன். அந்த ரப்பர் பட்டை இப்ப வாசிங் மிசின் மூடியக் கட்டி வெக்க ஆகுது.

எங்க மக மைதிலி ஓசூர்ல இருக்குது. அம்மாவ ஒரு மாசம் எங்கிட்ட அனுப்புங்கப்பா, அங்க உங்களப் பாத்துக்கறதுக்கு ஆளு போட்டுக்கலாம்னுச்சு. ஆளு போட்டா ஆளு தொடும். எனக்கு அது ஒத்துவராதுங்க. சுலோச்சனா கை பட்டாத்தான் எனக்கு எந்திரிக்கத் தைரியம். அவளும், இருக்கட்டும் கண்ணு, அப்பாவுக்கு ஆகாதுன்னுட்டா. அவ சொன்னதத்தான் சொல்றேன்.

முன்னால வந்த அம்மிணி என்ன சொல்லுச்சுன்னா, அய்யா, நீங்க ஒருக்களிச்சு, முழங்கைய ஊணி, நீங்களாவே எந்திரிச்சு உக்காரப் பழகோணும், உங்களால முடியும், தெனமும் கொஞ்சம் கொஞ்சம்னு சொல்லுச்சு. கொஞ்சம் கொஞ்சம். பழையபடி கம்பி தூக்க வெக்கறேன்னு சொல்லு, இப்பவே செய்யறேன்னேன். அது முடியாதுங்கய்யான்னுச்சு. அப்பறம் எதுக்குன்னு கேட்டேன். நெசமாவே எதுக்குங்க தம்பி? நானா எந்திரிச்சு உக்காந்து நான் எங்க போகப் போறேன்? அவதான் இருக்காளே. இப்ப நல்ல பலம் அவளுக்கு. என்ற ரெண்டு கக்கத்துலயும் கையக் குடுத்து ஒரே தூக்கு. காலைல, மத்தியானம், சாயங்காலம், நடுவுல எப்ப வேணும்னாலும். நான்தான் அவள ஜிம்முக்குக் கூட்டிட்டுப் போனேன், அது வீண் போகல பாருங்க.

அவ இப்பெல்லாம் அதிகம் பேசறதில்ல. முனகறதும் இல்ல. ஊடு அமைதியா இருக்குது. தூக்கம்தான் எனக்கு இன்னும் வரல.

படில சத்தம் கேக்குது, வந்துட்டா. சுலோச்சனா, ஆஸ்பத்திரில இருந்து இந்தத் தம்பி வந்திருக்காரு. பக்கெட்ட வெச்சுட்டு வா, என்னைய எழுப்பி உக்கார வை. தம்பி, நீங்க சும்மாப் பாருங்க, எப்படித் தூக்கறான்னு.

ஏனுங்க தம்பி, அவள எதுக்கு நிறுத்தறீங்க? வைத்தியம் எனக்குத்தானுங்களே. அவ கைய எதுக்குத் தூக்கச் சொல்றீங்க? சரி, தூக்கு புள்ள, கேக்கறாருல்ல. வலது கை. தலைக்கு மேல. நல்லாத் தூக்கு. அவ்வளவுதானா? தோளுக்கு மேல வரலையா? அந்தக் கைய இன்னொரு கையால தாங்கிப் புடிச்சுட்டுத் தூக்காத, சும்மாத் தூக்கு. சும்மா வரலையா?

எப்ப இருந்து? ஆடி மாசத்துல இருந்தா?

எங்கிட்டச் சொல்லவே இல்லீங்க தம்பி. நாம்பாட்டுக்குத் தெனமும் கூப்புடறேன், அவபாட்டுக்கு வந்து தூக்கறா. நோவுதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. என்னங்க சொல்றீங்க, உள்ள தசை கிழிஞ்சிருக்குமா? படம் எடுத்துப் பாக்கோணுமா? பாக்கலாமுங்க, பாக்காம என்ன. சுலோச்சனா, நீ எதுக்கு அழுகற? தம்பி நல்லதுக்குத்தான சொல்றாரு. உக்காரு அங்க.

தூக்கவே கூடாதுங்களா? குடம் கூடவா? என்னையக் கூடவா?

சரிங்க. நீங்க படிச்சவங்க, சொல்றீங்க. கேட்டுக்கறோம். அப்ப நாளைக்குக் காலைல என்னைய யாருங்க எழுப்பி உக்கார வெக்கறது?